கிரவுன் ஓரம் ஒட்டி உட்கார எந்த வழி? வார்ப்பு, மில்லிங், டி.எம்.எல்.எஸ்., பிரிண்டிங்: ஓர் ஒப்பீடு

சிறிய ஊர்களில் கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "இத்தனை நாள் புட்டியில் (பிசைந்து வைக்கும் சிலிகோன் மாவு) அளவெடுத்து லேபுக்கு அனுப்பினேன். இப்போது ஸ்கேனர் வாங்கச் சொல்கிறார்கள். மெட்டலை விட்டு சிர்கோனியா என்னும் பீங்கானுக்கு வரச் சொல்கிறார்கள். லேப்காரரோ உலோகத் தூளை லேசரால் உருக்கிச் செய்யும் டி.எம்.எல்.எஸ். தான் துல்லியம் என்கிறார். எதில் செய்தால் கேப் நன்றாக உட்காரும்?"

ஒற்றைப் பல்லுக்குப் போடும் கிரவுனை, அதாவது கேப்பைப் பொறுத்தவரை, ஒழுங்காகச் செய்தால் இந்த வழிகள் எல்லாமே ஏற்கத்தக்க பொருத்தம் தருபவைதான். ஆய்வகச் சோதனைகளில் ஒரு முறையின் எண்களும் இன்னொன்றின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே கிடக்கின்றன. எந்த வழி எந்த இடத்தில் தவறும் என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. உங்களிடம் அதிகம் வரும் பல், அதன் ஈறு நிலை, லேப் இருக்கும் தூரம் இவற்றோடு அந்தத் தவறுகளைப் பொருத்திப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

ஓர இடைவெளி. கிரவுனின் ஓரத்துக்கும் செதுக்கிய பல்லின் ஓரத்துக்கும் நடுவே விடுபடும் தூரம். 1971-இல் மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் ஐந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரவுன்களையும் பிற பொருத்துகளையும் பார்த்து, 120 மைக்ரான் வரை ஏற்கலாம் என்றார்கள். இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த எண்ணைத்தான். தடித்த தலைமுடி ஒன்றின் பருமன் அவ்வளவு இருக்கும். அது மேல் வரம்பு என்பதை மறந்து, இலக்காகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கிரவுன் ஒட்டும் சிமென்ட் 25 மைக்ரான் படலமாகப் பரவ வேண்டும் என்பது தர விதி. கிருமியின் அளவோ ஒரு மைக்ரான் அளவில்தான். ஆகவே 50 மைக்ரான் இடைவெளியும் கிருமிக்குத் திறந்த கதவுதான். அதை அடைத்து வைத்திருப்பது சிமென்ட். இடைவெளி பெருகப் பெருக உமிழ்நீரில் நனையும் சிமென்டின் பரப்பு பெருகும், அது கரைவதும் கூடும்.

பக்கத் துருத்தல். செங்குத்தாக இடைவெளி இல்லாமலேயே கிரவுன் ஓரம் பல்லை விட்டு வெளியே நீண்டிருக்கலாம். 1989-இல் ஹோம்ஸும் அவருடைய குழுவினரும் செங்குத்து விலகலையும் பக்க விலகலையும் பிரித்து வரையறுத்தது இதற்காகத்தான். எக்ஸ்ரேயில் இடைவெளி தெரியாத கிரவுனைச் சுற்றியும் ஈறு சிவந்து ரத்தம் கசிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் துருத்தலை.

உள் இடைவெளி. சுவர்களிலும் மேற்பரப்பிலும் சிமென்டுக்கு விடும் இடம். குறைந்தால் கிரவுன் மேலே தூக்கி நிற்கும். மிகுந்தால் பிடிப்பு குறையும், கண்ணாடிப் பீங்கானாக இருந்தால் கடியின் விசையில் விரிசல் விடும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும்; மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சுவர் ஒவ்வொரு பக்கமும் 6 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். சிமென்ட் இடத்தையும் மீறி, கிரவுனின் உட்சுவர் பக்கத்துக்கு 20 மைக்ரான் இறுக்கமாக வந்துவிட்டது. அந்தக் கிரவுன் ஏறத்தாழ 190 மைக்ரான் மேலே தூக்கி நிற்கும். சாய்வு 3 டிகிரியாக இருந்தால் தூக்கல் 380 மைக்ரான். பக்கவாட்டில் வரும் சிறு பிழை ஓரத்தில் பத்து மடங்கு, இருபது மடங்காகத் திறக்கிறது. "மார்ஜின் ஓப்பன்" என்று லேபுக்குத் திரும்பும் கிரவுன்களில் கணிசமானவற்றுக்கு ஓரத்தில் குறையே இருக்காது. உள்ளே எங்கோ ஒரு புள்ளி இடித்துக்கொண்டிருக்கும்.

சீரான தன்மை. சராசரி 60 மைக்ரான் என்று சொல்லப்படும் கிரவுனுக்கு அண்ணப் பக்கம் ஒரே இடத்தில் 200 இருக்கலாம். சொத்தை நுழைவது அந்த ஒரு இடத்தில்தான். எந்த முறையையும் அதன் மோசமான புள்ளியை வைத்தே எடை போடுங்கள்.

மறைசெலவு. கருவி விலையை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். மறு தயாரிப்பு, நாற்காலியில் தேய்த்துச் சரிசெய்யப் போகும் நேரம், சந்தா, குடையும் முனையான பர்ரின் தேய்மானம், மின்தடை ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு.

## முதலில் அளவு: சிலிகோனா, ஸ்கேனரா

ஓரத்தைச் சரியாகப் பதிவு செய்யாமல் எந்த இயந்திரத்தில் போட்டாலும் பயனில்லை. அதனால் தயாரிப்பு முறைக்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனர் ஒளியால் பார்க்கிறது. ஒளி விழாத இடம் அதற்கு இல்லாத இடம். ரத்தமும் எச்சிலும் ஓரத்தின் மேல் பளபளத்தால், அந்தப் பளபளப்பையே பல்லின் பரப்பாகப் பதிவு செய்துவிடும். திரையில் ஓரம் அழகாகத் தெரியும், ஆனால் கூர்மை மழுங்கி மெல்லிய மேடாக இருக்கும். லேபில் இருப்பவர் அந்த மேட்டின் மேல் ஊகமாகக் கோடு போடுவார். அங்கே 100 மைக்ரான் போய்விட்டால் பிறகு பர்ரால் குடைந்து வடிவம் கொடுக்கும் எந்த மில்லிங் இயந்திரமும் அதை மீட்டுத் தராது.

சிலிகோனின் இளகிய வகையான லைட் பாடி ஈறுக்குள் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும். ஈறுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிய ஓரத்தில் இது பெரிய அனுகூலம். அதன் பிழைகள் வேறு வகை: கிழிசல், குமிழி, புட்டி ஓரத்தைத் தொட்டுவிடுவது, ட்ரேயிலிருந்து விலகுவது. லேடெக்ஸ் கையுறையோடு புட்டி பிசைந்தால் கந்தகம் பட்டு மேற்பரப்பு உறையாமல் பிசுபிசுக்கும். அடிஷன் சிலிகோன் வாரக்கணக்கில் அளவு மாறாது என்பதால் கூரியரில் அனுப்பலாம். ஆல்ஜினேட்டை அப்படி அனுப்பக்கூடாது.

ஸ்கேனர் பக்கம் இரண்டு வலுவான நன்மைகள். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் சரியில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் அழித்து மறுபடி ஸ்கேன் செய்யலாம். சிலிகோனில் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். இன்னொன்று, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். அண்டர்கட்டும் (கிரவுன் இறங்க விடாத உட்குழிவு) கூர்முனையும் அப்போதே கண்ணில் பட்டு, அப்போதே சரியாகும். நான்கைந்து பற்களுக்குள் அடங்கும் வேலையில் ஸ்கேனர் நம்பத்தக்கது. முழு வரிசை ஸ்கேனில், துண்டு துண்டாக ஒட்டிச் செல்லும் பிழை கடைவாய் வரை போவதற்குள் சேர்ந்துவிடும்.

எதில் எடுத்தாலும், ஈறை விலக்கி வைக்கும் நூலான கார்டை இரண்டாக வைக்கும் முறை உதவும். மெல்லிய கார்டை அடியில் விட்டுவைத்து, மேல் கார்டை எடுத்தவுடன் பதிவு செய்யுங்கள். ஸ்கேனர் என்றால் செதுக்கிய பல்லை முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, பக்கத்துப் பற்களையும் எதிர்வரிசையையும் நிதானமாக எடுக்கலாம். ஈறு மூடிக்கொள்ள அதிக நேரம் பிடிக்காது. ஓரக் கோட்டை நீங்களே திரையில் வரைந்து அனுப்புங்கள். இந்தக் கட்டுரையில் இருப்பதிலேயே செலவில்லாத, அதிகப் பலன் தரும் வேலை அதுதான்.

## வார்ப்பு: மெழுகு, மெட்டல், மேலே பீங்கான்

சரியாகச் செய்த வார்ப்பின் ஓரம் இன்றும் எந்தப் புது முறைக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. டெக்னீஷியன் மெழுகு ஓரத்தைச் சூடான கருவியால் மறுபடி உருக்கி, லென்ஸின் கீழ் டையில் (செதுக்கிய பல்லின் மாதிரி) ஒட்டிச் சீவும்போது கிடைக்கும் நெருக்கம் எந்த பர்ருக்கும் கட்டுப்பட்டதல்ல. மிக மெல்லிய ஓரமும் உடையாமல் வரும்.

சுருக்கத்தை விரிவால் ஈடுகட்டுவதில்தான் சிக்கல். நிக்கல்-குரோம், கோபால்ட்-குரோம் உலோகங்கள் உறையும்போது 2 சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். அதே அளவுக்கு இன்வெஸ்ட்மென்ட் (வார்ப்பு அச்சுக்கான கலவை) விரிய வேண்டும். பாஸ்பேட் இன்வெஸ்ட்மென்டில் சிறப்புத் திரவத்தின் செறிவைக் கூட்டினால் விரிவு கூடும், தண்ணீர் கலந்தால் குறையும். அளவுக் குடுவை இல்லாமல் கண் மதிப்பில் கலக்கும் லேபில் திங்கட்கிழமைக் கிரவுன் இறுகும், வெள்ளிக்கிழமைக் கிரவுன் ஆடும். உள்பக்கம் முளைக்கும் சிறு உலோகக் குமிழ் இன்னொரு வில்லங்கம். ஊசிமுனை அளவு குமிழே கிரவுனைத் தூக்கி நிறுத்தப் போதும். பிறகு பீங்கான் சூளையில் திரும்பத் திரும்பச் சுடும்போது மெல்லிய உலோக ஓரம் கொஞ்சம் நெளியவும் கூடும்.

மறைசெலவு முழுக்க ஆளைச் சார்ந்தது. நல்ல மெழுகு வேலைக்காரர் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. அவர் லேபை விட்டுப் போனால் உங்கள் கிரவுனின் தரமும் அவரோடு போய்விடும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லேபிடம் உலோகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவது கட்டாயம்.

## லேபில் மில்லிங் செய்யும் சிர்கோனியா

இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான். பொருத்தத்தில் நிறைய நுணுக்கம் ஒளிந்திருப்பதும் இதில்தான்.

சிர்கோனியா டிஸ்க் சாக்கட்டி போன்ற பாதி வெந்த நிலையில் வரும். அதைப் பெரிதாக மில்லிங் செய்து, 1450 முதல் 1550 டிகிரி செல்சியஸ் வரையிலான உலையில் பல மணி நேரம் வைத்தால் நீள அளவில் ஏறத்தாழ 20 சதவீதம் சுருங்கி உண்மை அளவுக்கு வரும். எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்ற குணகம் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாறும். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருப்பார்கள்.

இதில் ஒரு தவறு என்ன செய்யும்? அட்டையில் 1.2345 என்று இருக்கிறது. மென்பொருளில் பழைய டிஸ்க்கின் 1.2290 அப்படியே கிடக்கிறது. வித்தியாசம் 0.45 சதவீதம். உள்விட்டம் 8 மி.மீ. உள்ள கடைவாய்ப் பல் கிரவுன் 36 மைக்ரான் குறுகி, பக்கத்துக்கு 18 மைக்ரான் இறுக்கமாக வரும். ஓரத்துக்கு அருகே 20 மைக்ரான்தான் சிமென்ட் இடம் வைத்திருந்தீர்கள் என்றால் மிச்சம் 2. சிமென்ட் வழிந்து வெளியேற வழியில்லை, கிரவுன் இறங்காது. குணகம் எதிர்ப்பக்கம் தவறினால் கிரவுன் தளர்வாக வரும். அதை யாரும் திருப்பி அனுப்புவதில்லை, சிமென்ட் மறைத்துவிடுகிறது. விலை பிறகு தெரியும். ஒரே வாரத்தில் ஒரே லேபிலிருந்து வந்த நாலைந்து கிரவுன்கள் ஒரே மாதிரி இறுகினால், பல் செதுக்கியதைக் குறை சொல்வதற்கு முன் குணகத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உலையும் ஒரு சந்தேக நபர். காட்டும் வெப்பம் வேறு, உள்ளே இருக்கும் வெப்பம் வேறு. சோதனை வளையம் வைத்து அளக்கும் பழக்கம் உள்ள லேபா என்று கேட்கலாம். இடையில் மின்சாரம் போய், மாற்று ஏற்பாடு இல்லையென்றால் சிர்கோனியா முழுதும் சுருங்காமல் பெரிதாகவும் வலுக்குறைந்தும் நின்றுவிடும். நிறத் திரவத்தில் முக்கிய கிரவுனை உலர்த்தாமல் உலையில் வைத்தால் விரிசல் விடும்.

பர் விட்டத்தின் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. செதுக்கிய பல்லின் முனை பர்ரின் விட்டத்தை விட மெல்லியதாக இருந்தால் பர் உள்ளே போக முடியாது. மென்பொருள் அந்த இடத்தைச் சுற்றிலும் அதிகமாகக் குடைந்துவிடும். கீழ் முன்பல்லில் இது அன்றாடம் நடப்பது. உட்புறம் பெரிய வெற்றிடம் விழும், கிரவுன் ஆடும். சிர்கோனியாவுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு: பெரிதாக்கிய நிலையில் குடைவதால் 0.6 மி.மீ. பர் முடிவில் ஏறத்தாழ 0.48 மி.மீ. பர் வேலையைச் செய்கிறது. உண்மை அளவிலேயே குடையப்படும் கண்ணாடிப் பீங்கானுக்கு அந்தச் சலுகை கிடையாது. எப்படியாயினும் முனைகளை உருட்டி, குறைந்தது 1 மி.மீ. பருமன் விட்டுச் செதுக்குவதே மருந்து.

ஓரத்தில் கத்திமுனை போன்ற முடிவு வேண்டாம். மெல்லிய ஓரம் மில்லிங்கில் பொடிந்துபோகும். பொடியாமல் இருக்க லேபில் ஓரத்தை வேண்டுமென்றே தடித்து வடிவமைத்து, சின்டரிங்குக்கு (உலையில் சுடுவதற்கு) பிறகு ரப்பர் சக்கரத்தால் சீவுவார்கள். அவசரத்தில் அந்தச் சீவல் விடுபட்டால் முன்பே சொன்ன பக்கத் துருத்தல் அப்படியே வாய்க்கு வந்துசேரும். 0.5 மி.மீ. ஷேம்ஃபர் (வளைந்து முடியும் ஓரப் படி) தெளிவாக இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

ஸ்கேன் கோப்பிலிருந்து செய்யும்போது லேபில் ஒரு மாடல் பிரிண்ட் செய்து கிரவுனை அதில் போட்டுப் பார்ப்பது வழக்கம். பிரிண்ட் மாடல் நுண்ணளவில் வீங்கியோ நெளிந்தோ இருக்கலாம். சரியாக வந்த கிரவுனைத் தவறான மாடலுக்கு ஏற்ப உள்ளே தேய்த்து அனுப்பும் கொடுமை இதனால்தான் நடக்கிறது. பக்கத்துப் பல் தொடர்பைப் பார்க்க மட்டும் அந்த மாடலைப் பயன்படுத்துங்கள், உட்புறத்தில் பர் வைக்காதீர்கள் என்று லேப் சீட்டிலேயே எழுதிவிடலாம்.

## கிளினிக்கிலேயே மில்லிங், ஒரே நாளில் கிரவுன்

சூரிச் பல்கலைக்கழகத்தில் மோர்மானும் பிராண்டெஸ்டினியும் 1985-இல் நாற்காலிக்கு அருகிலேயே மில்லிங் செய்து முதல் இன்லேயை (பல் குழிக்குள் வைக்கும் பொருத்து) பொருத்தினார்கள். அன்றிலிருந்து வளர்ந்த வழி இது. லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கான் பிளாக்கை நீல நிறத்தில் இருக்கும்போதே தண்ணீர் பாய்ச்சிக் குடைந்து, சுமார் 840 டிகிரியில் சுட்டால் பல் நிறமும் வலுவும் வரும். சுடும்போது சுருக்கம் அரை சதவீதத்துக்கும் குறைவு. சிர்கோனியாவின் 20 சதவீதச் சூதாட்டம் இதில் இல்லை; பொருத்தத்தைப் பொறுத்தவரை இதுதான் இதன் பெரிய பலம்.

அடுத்த பலம் காலம். தற்காலிக கேப் இல்லை, அது கழன்று ஈறு வளர்ந்து மூடுவது இல்லை, பக்கத்துப் பல் நகர்வதும் இல்லை. காலையில் செதுக்கிய பல்லும் மாலையில் கிரவுன் ஏறும் பல்லும் ஒன்றாகவே இருக்கும்.

பலவீனம் பர் விட்டமும் ஓரம் சிதறுவதும். பர் தேயத் தேய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பெயரும். லென்ஸில் பார்த்தால் ஓரக் கோடு ரம்பப் பல்லாகத் தெரியும். பர் மாற்றச் சொல்லி இயந்திரம் எச்சரிக்கும் வரை காத்திருக்காமல், இந்த ரம்பம் தெரிந்ததும் மாற்றுவது நல்லது. ஓரத்தில் 1 மி.மீ. ஷோல்டர் (தட்டையான படி) அல்லது ஆழமான ஷேம்ஃபர் கட்டாயம். ஒட்டும் முறையும் கண்டிப்பானது: ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம், சிலேன், ரெசின் சிமென்ட், முழுமையான உலர்வு. ஈறுக்குக் கீழே ஓரம் போய், ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும் பல்லில் இந்த வழியைத் தேர்ந்தால் பொருத்தம் எவ்வளவு நன்றாக இருந்தும் ஒட்டுதல் தோற்றுவிடும்.

ஸ்கேனர், மில்லிங், உலை மூன்றும் சேர்ந்தால் பல லட்சங்களில் போகும் முதலீடு. அதற்கு மேல் பராமரிப்பு ஒப்பந்தம், பர், குளிர்விக்கும் திரவம், வெவ்வேறு நிற பிளாக்குகளின் இருப்பு, வடிவமைக்க உங்களுடையதோ உதவியாளருடையதோ நேரம். மாதத்துக்குச் சில கிரவுன்கள் மட்டும் செய்யும் கிளினிக்குக்கு இது கட்டுப்படியாகாது. ஸ்கேனரை மட்டும் வாங்கி லேபில் மில்லிங் செய்துகொள்வது அவர்களுக்கு நடுவழி.

## டி.எம்.எல்.எஸ்.: லேசரால் உருக்கி அடுக்கும் உலோகம்

கோபால்ட்-குரோம் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசரால் உருக்கி, மேலே அடுத்த அடுக்கு. ஓர் அடுக்கு 20 முதல் 50 மைக்ரான். மெழுகு, இன்வெஸ்ட்மென்ட், வார்ப்பு மூன்றையும் ஒரே மூச்சில் நீக்கிவிடுவதால், அவற்றில் வரும் ஏற்ற இறக்கமும் போகும். பர் விட்டத்தின் கட்டுப்பாடும் கிடையாது. மெல்லிய முன்பல்லின் உட்புறம் வடிவமைத்தபடியே வரும். ஒரே தட்டில் பல கோப்பிங்குகளை (பீங்கானுக்கு அடியில் இருக்கும் உலோகத் தொப்பி) ஏற்றலாம் என்பதால் விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பின்பற்களுக்குப் பீங்கான் பூசிய உலோகக் கிரவுன்தான் வேண்டும் என்றால், கைக்குக் கை தரம் மாறும் வார்ப்பை விட நான் இதையே பரிந்துரைப்பேன்.

தவறுவது இரண்டு இடத்தில். உருகி உறையும்போது உலோகத்துக்குள் அழுத்தம் தேங்கும். தட்டோடு சேர்த்து உலையில் வைத்து அழுத்தம் தணித்த பிறகே அறுத்தெடுக்க வேண்டும். அதைத் தவிர்க்கும் லேபில் கோப்பிங் நெளியும், மூன்று நான்கு யூனிட் பிரிட்ஜ் என்றால் ஒரு முனை உட்காரும்போது மறுமுனை எழும்பும். அடுத்தது உட்பரப்பு. பாதி உருகிய தூள் மணிகள் ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கும். அலுமினா தூள் பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். ஓரத்தில் அதே விசையோடு பீய்ச்சினால் ஓரம் தேய்ந்து குட்டையாகிவிடும். சப்போர்ட் குச்சிகள் கடிபரப்பில்தான் நிற்க வேண்டும், ஓரத்திலோ உட்புறத்திலோ நிற்கக்கூடாது. பீங்கான் சுடும்போது வரும் நெளிவு வார்ப்பைப் போல இதற்கும் உண்டு.

## பிரிண்டிங்: ரெசின் கிரவுனும் ரெசின் மாதிரியும்

பிரிண்ட் செய்த ரெசினை நேரே கிரவுனாக வைப்பது தற்காலிகத்துக்கும் நடுத்தரக் காலத்துக்கும் ஏற்றது. பொருத்தம் நன்றாகவே வரும். தேய்மானமும் வலுவும்தான் கேள்வி. கழுவும் கட்டத்தில் உட்புற மூலையில் உறையாத ரெசின் தேங்கினால், பிறகு ஒளியில் கெட்டியாகி அந்த இடமே இடிக்கும்.

எரிந்துபோகும் ரெசினில் மாதிரியைப் பிரிண்ட் செய்து, அதை வார்ப்பதோ பீங்கானை அழுத்துவதோ இன்னொரு பயன். மெழுகு உருகி ஓடும். ரெசின் எரியும் முன் விரியும், அச்சை உள்ளிருந்து பிளக்கும். ஆகவே மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மெழுகுக்கான அட்டவணையையே போட்டால் உட்புறம் முழுக்க உலோக நரம்புகள் ஓடியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | பிழை நுழையும் இடம் | ஓரத்தின் குணம் | மறைசெலவு |
|---|---|---|---|
| வார்ப்பு | இன்வெஸ்ட்மென்ட் விரிவு, உட்குமிழ் | மெல்லியதாகவும் ஒட்டியும் வரும். கைத்திறன் சார்ந்தது | நாளுக்கு நாள் மாறும் தரம் |
| லேப் சிர்கோனியா | குணகம், உலை, சீவாத ஓரம் | ஷேம்ஃபரில் நன்று. கத்திமுனையில் பொடியும் | இறுகினால் மறு தயாரிப்பு, தேய்த்தால் வலுவிழப்பு |
| கிளினிக் மில்லிங் | பர் விட்டம், தேய்ந்த பர் | 1 மி.மீ. ஓரத்தில் நன்று, சில்லு பெயரும் | முதலீடு, சந்தா, பிளாக் இருப்பு |
| டி.எம்.எல்.எஸ். | தணிக்காத அழுத்தம், ஒட்டிய தூள் | சீரானது. சொரசொரப்பு | பீங்கான் பெயர்ந்தால் பழுது |
| ரெசின் பிரிண்ட் | கழுவல், கெட்டியாக்கல் | அடுக்குக் கோடு | குறுகிய ஆயுள் |

## யாருக்கு எது

ஓரம் ஈறுக்குக் கீழே ஆழமாக இருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை: சிலிகோன் அளவு, டி.எம்.எல்.எஸ். அல்லது சிர்கோனியா. இவை இரண்டையும் கிளாஸ் அயனோமர் சிமென்டில் ஒட்டலாம். ஈரத்துக்கு ரெசினை விடக் கொஞ்சம் இடம் தரும். ஓரத்தை மேலே கொண்டுவர ஈறு அறுவை தேவைப்படும் பல்லில், அதைச் செய்யாமல் முறையை மாற்றிப் பயனில்லை.

வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல், ஓரம் ஈறுக்குச் சமமாக அல்லது மேலே: ஸ்கேன் செய்து லேபில் சிர்கோனியா. பெரும்பாலான கிளினிக்குகளின் அன்றாட வேலை இதுதான், இதற்கு இந்த வழியே போதும்.

மேல் முன்பல், உயிருள்ள பல், நிறம் முக்கியம்: லித்தியம் டைசிலிகேட். கிளினிக்கில் மில்லிங் செய்யலாம், நல்ல லேபில் மெழுகு வைத்து அழுத்தியும் செய்யலாம். அழுத்திச் செய்வதன் ஓரம் மில்லிங்குக்குச் சளைத்ததல்ல, சில்லும் பெயராது. இதை இப்போது மறந்துவிடுகிறார்கள்.

செதுக்கிய பல் குட்டை, உயரம் 3 மி.மீ. அளவில்தான்: ஸ்பேஸர் (சிமென்டுக்கு விடும் இடம்) எண்ணைக் குறைத்துப் பிடிப்பைக் கூட்டலாம் என்று தோன்றும். மேலே சொன்ன தூக்கல் கணக்கை நினைத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்கும் கிரவுன் இறங்காது. ஸ்பேஸரை வழக்கம்போல விட்டு, பக்கங்களில் பள்ளம் வெட்டுவது மேல்.

நாலு யூனிட்டுக்கு மேல் பிரிட்ஜ்: எந்த வழியானாலும் உள்கட்டமைப்பை வாயில் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே பீங்கான் ஏற்றச் சொல்லுங்கள். நீண்ட சிர்கோனியா சின்டரிங்கில் தொய்யும், நீண்ட டி.எம்.எல்.எஸ். முறுக்கும்.

## பொருத்திப் பார்க்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றினால் நல்ல கிரவுனும் கெட்டதாகத் தெரியும்.

முதலில் பக்கத்துப் பல் தொடர்பு. ஃப்ளாஸ் இறுகிக் கிழிந்தால் கிரவுன் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தொடர்பைச் சரிசெய்த பிறகு உட்புறம். ஃபிட் செக்கர் சிலிகோனை உள்ளே பூசி, விரலால் அழுத்திப் பிடித்து, உறைந்ததும் கழற்றுங்கள். வெள்ளைப் படலம் கிரவுனுக்குள் ஒட்டிக்கொண்டு வரும். எங்கே படலம் கிழிந்து கிரவுனின் நிறம் ஜன்னல்போல் தெரிகிறதோ அதுதான் இடிக்கும் புள்ளி. சுவரில் ஒரே ஒரு ஜன்னல் என்றால் நுண்மணி வைரப் பர்ரால், தண்ணீர் விட்டு, லேசாகத் தேய்க்கலாம். சுற்றிலும் வளையமாக ஜன்னல் விழுந்தால் குணகமோ ஸ்பேஸரோ தவறு. தேய்க்காமல் திருப்பி அனுப்புங்கள். மேல் மூலையில் மட்டும் விழுந்தால் பல்லின் கூர்முனையை உருட்டுவது கிரவுனைக் குடைவதை விடப் பாதுகாப்பு. ஓரம் முழுக்கத் தடித்த வெள்ளை, மேலே எங்கோ ஒரு ஜன்னல்: பழைய தூக்கல் கணக்குதான்.

அதன் பிறகே எக்ஸ்ப்ளோரரால் (கூர்முனைக் கருவி) ஓரம். பல்லிலிருந்து கிரவுனுக்கு ஏறியும், கிரவுனிலிருந்து பல்லுக்கு இறங்கியும் இழுங்கள். ஏறும்போது மட்டும் தட்டினால் துருத்தல், இறங்கும்போது மட்டும் தட்டினால் குறைவு, இருவழியும் மாட்டினால் இடைவெளி. பற்களுக்கு நடுவே இருக்கும் ஓரத்துக்கு ஒரு பைட்விங் எக்ஸ்ரே. கற்றை சாய்ந்தால் இடைவெளி மறைந்துபோகும். கடைசியில் கடி. முதலிலேயே கடியைத் தேய்த்தால், பாதி இறங்கிய கிரவுனை மெலிதாக்கிய பாவம் வந்துசேரும்.

சிர்கோனியாவை வாயில் போட்டுப் பார்த்ததும் உமிழ்நீரின் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவினால் மேலும் ஒட்டும். 50 மைக்ரான் அலுமினாவை மெல்லிய அழுத்தத்தில் பீய்ச்சியோ, அதற்கான சுத்திகரிப்புக் குழம்பாலோ துடைத்து, எம்.டி.பி. (சிர்கோனியாவோடு பிணையும் வேதிப்பொருள்) உள்ள பிரைமர் பூசி ஒட்டுங்கள்.

## லேப் சீட்டில் எழுத வேண்டியவை

சீட்டில் நிறமும் பல் எண்ணும் மட்டும் எழுதி அனுப்பினால் மீதியை மென்பொருளின் இயல்பு எண்கள் தீர்மானிக்கும். ஓரத்திலிருந்து முதல் 1 மி.மீ. வரை சிமென்ட் இடம் 20 முதல் 30 மைக்ரான், அதற்கு மேலே 50 முதல் 60 என்று தொடங்கலாம். அந்த லேபிலிருந்து வரும் அடுத்த பத்து கிரவுன்களின் ஃபிட் செக்கர் படலத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். சுவர்களில் தொடர்ந்து ஜன்னல் விழுந்தால் மேல் எண்ணை 10 கூட்டச் சொல்லுங்கள். படலம் எங்கும் தடித்திருந்தால் 10 குறைக்கச் சொல்லுங்கள். ஒரு முறைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். லேபோ, டிஸ்க்கின் நிறுவனமோ, மில்லிங் இயந்திரமோ மாறினால் இந்தப் பத்துக் கிரவுன் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.